கண்ணை மட்டும் கூட்டிக்கொண்டு ஆவணக் காப்பகம் போகாதீர்கள்

தாத்தா எந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவினார், பாட்டி எந்த வருடம் கப்பல் ஏறி வந்தார் என்று தேடிக்கொண்டு கோலாலம்பூர் ஜாலான் டூத்தாவில் (இப்போது ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம்) இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் நம்மவர்களில் உண்டு. அதில் எனக்கு மெத்த மகிழ்ச்சி. ஆனால் அங்கே போய் உட்கார்ந்ததும் பலரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். கோப்பைத் திறப்பது, கைப்பேசியை நீட்டுவது, படம் எடுப்பது, அடுத்த பக்கம். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் படித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். எழுத்து கிடைத்துவிடுகிறது. தாளின் கனம், மையின் நடத்தை, மடிப்பு, வாசனை, பின்பக்கத்தில் புடைத்து நிற்கும் எழுத்தின் தடம் எல்லாம் அந்த மேசையிலேயே தங்கிவிடுகின்றன. இவையும் சாட்சிதான். சில சமயம் எழுத்தைவிட நம்பகமான சாட்சி.

முதலில் படம், அப்புறம் பார்வை

இந்த வரிசைதான் முதல் தவறு. படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாருங்கள்.

பிரிட்டிஷ் காலத்து சிலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகள் இந்தக் காப்பகத்தில் இருக்கின்றன. அப்படி ஒரு கோப்பில் ஒரு கடிதம் வந்திருக்கும். அதைப் பார்த்த அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராகக் குறிப்பு எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட்டு அடுத்தவருக்குத் தள்ளியிருப்பார்கள். கடிதத்தை மட்டும் படம் எடுத்து வருகிறவர்களுக்கு இந்த உரையாடல் முழுதும் போய்விடும். தாளின் மூலையில் துருப்பிடித்த ஊசித் தடம் மட்டும் இருந்து, ஊசி இல்லாவிட்டால், ஒரு காலத்தில் இதோடு வேறு தாள் ஏதோ சேர்ந்திருந்தது என்று அர்த்தம். நான்காக மடித்த கோடு ஆழமாகப் பதிந்து, கோட்டில் அழுக்கும் ஏறியிருந்தால், அந்த மனு கோப்புக்கு வருமுன் யாரோ ஒருவரின் சட்டைப்பையிலோ மடியிலோ கொஞ்ச காலம் இருந்திருக்கலாம்.

தட்டச்சுக் கடிதம் என்றால் மூலமா நகலா என்று பாருங்கள். மூலத்தில் எழுத்தின் அடி தாளில் குழியாக விழுந்திருக்கும், பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும். கார்பன் நகலில் எழுத்தின் ஓரம் மங்கலாக இருக்கும், தாளும் மெல்லியது. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் இந்தக் குழிகள் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். ஜன்னலோர மேசை கிடைத்தால் அதுவே போதும். டார்ச் அடிக்க வேண்டும் என்றால் ஊழியரிடம் கேட்காமல் அடிக்காதீர்கள். கேமரா ஃபிளாஷ் கூடவே கூடாது.

ஜாலான் துன் ராசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் மலாய்ச் சுவடிகளுக்கென்றே தனித் தொகுப்பு உண்டு. திரெங்கானு, தென் தாய்லாந்தின் பட்டாணி பக்கம் எழுதப்பட்ட பழைய மலாய்ச் சுவடிகள் பலவற்றில் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மூன்று பிறைகள் வரிசையாகத் தெரியும். இத்தாலியில் செய்து, உதுமானிய (துருக்கிப் பேரரசு) நாட்டுச் சந்தைக்காக அனுப்பிய தாளின் நீர்க்குறி, அதாவது தாள் செய்யும்போதே உள்ளே பதித்த அடையாளம் அது. எழுதியது இந்தக் கரையில், தாள் வந்தது மத்தியதரைக் கடலிலிருந்து. ஒரு வரி படிக்காமலே இவ்வளவு தெரிந்துவிடுகிறது. இதற்கென்று மெல்லிய ஒளிப்பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களே சுவடியைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடிக்க வேண்டாம்.

பழையது என்றாலே பலவீனம் என்று நினைப்பது

விரல் சொல்லும் பாடம் இது. 1850-க்கு முன் வந்த தாளில் பெரும்பகுதி பருத்தி, லினன் கந்தலில் செய்தது. அது இன்றும் துணி மாதிரியே வளையும். அதன்பின் மரக்கூழ்த் தாள் வந்தது. மரத்தில் இயல்பாகவே உள்ள லிக்னின் என்ற பொருளும் தயாரிப்பில் சேர்ந்த அமிலமும் தாளை உள்ளேயிருந்தே அரிக்கின்றன. அதனால் நம் பாட்டன் காலத்துச் செய்தித்தாள், அவருக்கும் பாட்டன் காலத்துப் பத்திரத்தைவிட மோசமான நிலையில் இருக்கும். கோலாலம்பூரில் 1924-இல் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன தமிழ் நேசனின் பழைய இதழ் எங்காவது கண்ணில் பட்டால், அதுவும் செய்தித்தாள் தாள்தான். ஓரத்தைப் பிடித்துத் திருப்பினால் அப்பளமாக நொறுங்கும். ஒரு கையை அடியில் கொடுத்து, மேல் மூலையிலிருந்து மெதுவாகத் திருப்ப வேண்டும். முழுதாக விரித்து வைக்க மேசையில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில், அதாவது 1942 முதல் 1945 வரை, இங்கே தாள் பஞ்சம். அந்தக் காலத்துக் கோப்பு எடுத்தால் தாளின் தரத்தைத் தொட்டே உணரலாம், ஏற்கெனவே வேறு எதற்கோ பயன்பட்ட தாளா என்று பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்கலாம்.

வெள்ளைக் கையுறை

படங்களில் பார்த்துப் பார்த்து மனதில் பதிந்துவிட்ட காட்சி. பழைய ஆவணம் என்றால் வெள்ளைப் பருத்திக் கையுறை. உண்மையில் தாளுக்கும் சுவடிக்கும் சுத்தமாகக் கழுவி ஈரம் போகத் துடைத்த வெறுங்கைதான் நல்லது என்பது இன்று உலகின் பெரிய நூலகங்களின் நிலைப்பாடு. பிரிட்டிஷ் நூலகமும் அதையே சொல்கிறது. கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் தடிமன் தெரியாது. ஓரத்தில் இருக்கும் கிழிசல் பஞ்சில் மாட்டி மேலும் கிழியும். கையுறையே அழுக்கை ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும். புகைப்படம், நெகட்டிவ், உலோகப் பொருள் என்றால் கதை வேறு. அவற்றின் மேற்பரப்பில் விரலின் எண்ணெயும் உப்பும் நிரந்தரத் தடம் போடும். அங்கே கையுறை கட்டாயம். நீங்கள் போன இடத்தில் எல்லாவற்றுக்கும் கையுறை என்று விதி இருந்தால், விவாதம் செய்யாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

கை கழுவுவதில் நம்மூருக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. காலையில் கோப்பு பார்த்துவிட்டு, மதியம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு முடித்துத் திரும்புகிறீர்கள். சோப்புப் போட்டுக் கழுவியும் நகக்கண்ணில் மஞ்சள் இருக்கும், நன்றாகப் பாருங்கள். மஞ்சள் கறை தாளில் ஏறினால் ஏறியதுதான். கிருமிநாசினி ஜெல், கைக்குப் பூசும் கிரீம் இரண்டும் பிசுபிசுப்பை விட்டுப்போகும், அவை சோப்புக்கு மாற்று ஆகாது. வாசிப்பறையின் குளிரில் தலைவலி வந்து கோடாலித் தைலம் தேய்த்தவர்கள் அதே விரலோடு பக்கத்தைத் தொடக்கூடாது. எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் பழக்கம் நம்மில் பலருக்கு, குறிப்பாகக் கணக்கு எழுதிப் பழகிய பெரியவர்களுக்கு, கையோடு வந்தது. அவர்களோடு போனால் முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: "ஐயா, இங்கே எச்சில் வேண்டாம்." நாக்குக்கு அந்த அறையில் எந்த வேலையும் கிடையாது.

கோயிலுக்குப் போய்விட்டு நேரே வருகிறவர்கள் நெற்றியை அழிக்கத் தேவையில்லை. பக்கத்தின்மேல் முகத்தைக் குனிக்காமல் இருந்தால் போதும். விபூதித் தூள் மடிப்புக்குள் விழுந்தால் எடுப்பது கஷ்டம், தேய்த்தால் தாளை உராயும்.

வாசனையைப் பற்றி இரண்டு எதிரெதிர்த் தவறுகள்

பழைய புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக இழுப்பவர்கள் ஒரு பக்கம். வாசனையை ஒரு பொருட்டாகவே மதிக்காதவர்கள் மறுபக்கம். இரண்டும் தவறு, முதலாவது ஆபத்தும்கூட.

தாள் சிதையும்போது பலவகை ஆவிகளை விடுகிறது. லிக்னினிலிருந்து வனிலா வாசனை தரும் வனிலின், தாளின் நாரான செல்லுலோசிலிருந்து பாதாம் சாயல் உள்ள ஃபர்ஃபியூரல், கூடவே அசிட்டிக் அமிலம். இந்த ஆவிகளை அளந்தே தாளின் நிலையைக் கணிக்கலாம் என்று ஆய்வாளர் மட்டியா ஸ்டர்லிச்சின் குழு 2009-இல் காட்டியது. 2017-இல் செசிலியா பெம்பிப்ரேயும் அவரும் சேர்ந்து லண்டன் செயின்ட் பால் பேராலய நூலகத்துக்கு வந்தவர்களிடம் வாசனையைச் சொல்லச் சொன்னார்கள். மரம், புகை, மண், வனிலா என்று பதில் வந்தது. பர்மிங்காம் அருங்காட்சியகத்தில், எதன் வாசனை என்று சொல்லாமலே பழைய புத்தக வாசனையை முகரக் கொடுத்தபோது பலர் சாக்லேட் என்றார்கள், காப்பி என்றார்கள். அவரவர் ஊரின் வாசனைகளைக் கொண்டுதானே சொல்ல முடியும்? அந்த ஆய்வாளர்கள் பழைய புத்தக வாசனைக்கு ஒரு சக்கர அட்டவணையே செய்துவைத்தார்கள். நாம் செய்தால் புகைபோட்ட ரப்பர் ஷீட்டுக்கும் கற்பூரத்துக்கும் பாச்சை உருண்டைக்கும் அதில் இடம் கொடுத்திருப்போம் என்று எனக்குத் தோன்றும். பாச்சை உருண்டை வாசனை வந்தால் அந்தப் பெட்டி கொஞ்சகாலம் யாருடைய அலமாரியிலோ துணிகளோடு இருந்திருக்கக்கூடும். அதையும் குறித்து வைக்கலாம்.

இப்போது ஆபத்து. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். கோலாலம்பூர் வெளிக்காற்று எண்பதை ஒட்டியே நிற்கும். அதனால்தான் காப்பகத்துக்குள் அவ்வளவு குளிரூட்டி. ஆனால் நன்கொடையாக வந்த பெட்டிகள் அதற்கு முன் தோட்டத்து லயத்திலும் கடை மாடியிலும் இருந்தவை. பக்கத்தில் பஞ்சுபோல வெள்ளையோ பச்சையோ தெரிந்தால், நனைந்த சாக்கு வாடை அடித்தால், முகராதீர்கள், ஊதாதீர்கள், தட்டாதீர்கள். மூடி வைத்துவிட்டு ஊழியரைக் கூப்பிடுங்கள். பழைய ஃபிலிம் டப்பாவில் வினிகர் நெடி வந்தாலும் உடனே சொல்லுங்கள். அசிட்டேட் ஃபிலிம் அழுகும் அறிகுறி அது, பக்கத்து டப்பாவுக்கும் பரவும். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகங்களில் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை போட்டவை சிலவற்றில் ஆர்சனிக் சாயம் இருப்பது அமெரிக்காவின் விண்டர்தர் அருங்காட்சியகம் 2019-இல் தொடங்கிய ஆய்வில் தெரியவந்தது. அந்த நிறம் கண்ணில் பட்டால் கேட்டுவிட்டுத் தொடுவது நல்லது.

உங்கள் மேல் வரும் வாசனையும் கணக்கில் சேர்த்தி. கமகமவென்று சென்ட் போட்டுக்கொண்டு போனால் உங்களுக்கும் எதுவும் மூக்கில் ஏறாது, பக்கத்து மேசைக்காரருக்கும் ஏறாது.

மையைப் பார்த்து ஏமாறுவது

பழுப்பு மை என்றால் அப்படியே எழுதினார்கள் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. கறுப்பாக எழுதியது காலப்போக்கில் பழுப்பானது. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த மை அது. நம் ஊரில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையும் இதே இனம். ஈரமும் அமிலமும் சேர்ந்தால் இந்த மை எழுத்து இருந்த இடத்தையே அரித்து ஓட்டையாக்கும். அப்படிப்பட்ட பக்கத்தை வளைக்காதீர்கள், எழுத்தின்மேல் விரல் வைத்து வரி வரியாகப் படிக்காதீர்கள். தொட வேண்டியது வெற்று ஓரத்தை மட்டும்.

காதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது

வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளுக்கு எழுத்துப் படி இருந்தால், அதை வாங்கிப் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். எழுத்துப் படியில் பேச்சு இருக்கும், குரல் இருக்காது. ஒருவர் கங்காணியின் பெயரைச் சொல்லும்போது தயங்குகிறார், காலையில் தொழிலாளர்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தைப் பற்றிச் சொல்லும்போது வேகம் கூடுகிறது, சேலத்துப் பேச்சும் மலாய்ச் சொல்லும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. எழுதுபவர் இதையெல்லாம் சீராக்கி விடுவார். ஒலியைக் கேட்க முடியுமா என்று கேளுங்கள்.

வீட்டில் பாட்டியின் குரல் இருக்கும் பழைய கேசட் கிடைத்தால், உடனே ஓட்டிப் பார்க்கத்தான் கை துடிக்கும். பொறுங்கள். இந்த ஊர் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கலாம். 1970, 80-களில் வந்த சில சுருள் நாடாக்களில் பசையே இளகி இயந்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று இருப்பவர்களிடம் கொடுத்து ஒரே ஓட்டத்தில் டிஜிட்டலாக மாற்றுவதுதான் சரி. அதே போல, பழைய அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் கடையில் கொடுத்து லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து தாளைப் பிரிக்க முடியாதபடி செய்துவிடும்.

குறிக்காமல் எழுந்து வருவது

எழுத்துக்குப் படம் இருக்கிறது. வாசனைக்கும் தொடுகைக்கும் இல்லை, அறையை விட்டு வெளியே வந்ததும் மறந்துபோகும். பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள், பேனா அனுமதிக்க மாட்டார்கள். கோப்பு எண்ணுக்குக் கீழே இப்படி எழுதினால் போதும்: "தாள் மெல்லியது, கார்பன் நகல். மடிப்பு நான்கு. இடது மேல் மூலையில் ஊசித் துரு, ஊசி இல்லை. மை பழுப்பு, மூன்றாம் பக்கத்தில் ஓட்டை. புகை வாடை லேசாக." இதை அன்றைய தேதியோடு எழுதி, நீங்கள் எடுத்த படங்களின் கோப்புறையிலேயே ஒரு படமாகச் சேர்த்து வையுங்கள். பேரப்பிள்ளை அந்தப் படங்களைத் திறக்கும்போது பக்கத்திலேயே இருக்கும்.