மலைவீதியில் ஓடுகிறவர்களுக்கு: முழங்காலுக்குக் கீழே வரும் வலிகள்

நுவரெலியாவிலிருந்து நானுஓயாப் பக்கம் இறங்கி, மறுபடி ஏறியும் ஓடினால் காலில் ஏதாவது ஒன்று வலிக்கத்தான் செய்யும். ஏற்றம் கெண்டைக்காலையும், அதைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிநாணையும் இழுக்கும். இறக்கம் முன்னங்காலில், அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவிலுள்ள முன்பக்க எலும்பில், இடிக்கும். சப்பாத்து அளவெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேராக வலிக்கு வருவோம்.

1. குதிகால். காலையில் வைக்கும் முதல் அடியில் குதிகாலின் அடியில் குத்தினால், பெரும்பாலும் பாதத்தின் அடிநார்தான். எழும்பும் முன்பே கால்விரல்களைக் கையால் பின்னுக்கு இழுத்து 10 விநாடி பிடியுங்கள், 10 தடவை. அப்புறம் தண்ணீரை உறையவைத்த போத்தலைப் பாதத்தடியில் உருட்டுங்கள். விலையான மசாஜ் கருவி எதுவும் வேண்டாம்.

2. முன்னங்கால். இதில் அவசரம் வேண்டாம், என்னை அதிகம் குழப்பியது இதுதான். எலும்பின் உள்விளிம்பை, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். நாலைந்து விரல் அகலத்துக்கு வலி பரவியிருந்து, ஓட ஓடக் கொஞ்சம் குறைந்தால், எலும்பை ஒட்டிய பகுதி புண்பட்டிருக்கிறது. ஒரே புள்ளியில் சுள்ளென்று வலித்து, நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் விடாவிட்டால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் போங்கள். முதல் 2, 3 வாரங்களில் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமலே போகலாம். என்னுடையதும் அப்படித்தான், பிறகு எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபட்டது. ஆகவே எக்ஸ்ரே சரி என்றதும் சப்பாத்தை மாட்டிவிடாதீர்கள்.

பரவலான வலி என்றால், துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம். வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்த பிறகு கிரெகரி வாவியைச் சுற்றிச் சமதரையில் மெதுவாகத் தொடங்குங்கள். இறக்கம் கடைசியில்தான்.

3. குதிநாண். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரண்டு காலாலும் உயர்ந்து, வலிக்கிற காலால் மட்டும் மெல்ல இறங்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, நாளுக்கு இருமுறை. பலன் தெரிய 12 வாரம்கூட ஆகலாம்.

4. கணுக்கால் சுளுக்கு. நாலு அடி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதுவரை யாரையும் சுளுக்கு வழிக்க விடாதீர்கள், தோட்டத்தில் எவ்வளவு பேர் பெற்றவராக இருந்தாலும் சரி.

பிற்சேர்க்கை: படிப் பயிற்சியால் வலி கூடியதாகச் சிலர் எழுதினார்கள். நாண் குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலி என்றால் படி வேண்டாம்; தரையில் நின்றே செய்யுங்கள், குதிகால் அதற்குக் கீழே போகக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் பயிற்சி எதுவும் செய்யாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இரத்தக் கட்டியாக இருக்கலாம்.