அம்பாசிடர் பெட்ரோல் வண்டிக்கு பிளாட்டினம் மாற்றி டைமிங் வைப்பது எப்படி?

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பத்து நிமிடம் நின்றதும் மிஸ்ஸிங் அடிக்கிறதா? முதலில் கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வெளியில் நிற்கும் வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) மூடிக்குள் உப்புக்காற்றின் ஈரம் இறங்கிவிடும். அதனால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இந்த விளக்கம் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டும்தான். இசுசு இன்ஜினுக்கோ டீசலுக்கோ பொருந்தாது.

தேவையானவை

பிளாட்டினம் செட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் கான்டாக்ட் முனைகள்), கன்டென்சர், சின்ன ஸ்க்ரூடிரைவர், அங்குல அளவு போட்ட ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), இரண்டு வயரோடு ஒரு 12 வோல்ட் பல்பு, கொஞ்சம் தின்னர், நூல் பிரியாத வெள்ளைத் துணி.

பிளாட்டினம், கன்டென்சர் இரண்டுக்கும் நான் லூகாஸ் டிவிஎஸ்தான் சொல்வேன். சென்னை பாடியில் இருக்கும் நம்ம ஊர் கம்பெனி என்பதற்காக இல்லை, ஸ்க்ரூ துளைகள் இழுத்துப் பிடிக்காமல் சரியாக உட்காரும் என்பதற்காக. ஃபில்லர் கேஜ் கட்டாயம் வேண்டும். ஹாக்ஸா பிளேடு சுமார் 25 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் இருக்கும், பிளக் இடைவெளி பார்க்க அது போதும். பிளாட்டினத்துக்கு வேண்டியது 14 முதல் 16 தௌ, அதாவது 0.36 முதல் 0.41 மில்லிமீட்டர். விசிட்டிங் கார்டை விட்டுப் பார்ப்பது ஊகம்தான், அளவு இல்லை.

1. மூடியைத் திறந்து பார்ப்பது

பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். இரண்டு கிளிப்பையும் தள்ளினால் மூடி வந்துவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து உட்புறத்தைப் பாருங்கள். ஒரு பித்தளை முனையிலிருந்து இன்னொன்றுக்குத் தலைமுடி போல கறுப்புக் கோடு ஓடினால், கரண்ட் அந்த வழியாகத் தப்பி ஓடுகிறது என்று அர்த்தம். துடைத்தாலும் திரும்ப வரும், மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவில் உள்ள கார்பனை விரலால் அழுத்தினால் ஸ்பிரிங் போல எழும்ப வேண்டும். மூடிக்கு அடியில் சுழலும் ரோட்டரை நேராக மேலே இழுத்து எடுங்கள்.

2. பழையதைக் கழற்றுவது

கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் டிஸ்ட்ரிபியூட்டரையே இறக்க வேண்டி வரும். நட்டைக் கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அதற்கான காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

பழைய பிளாட்டினத்தில் ஒரு முனையில் மேடும் எதிர் முனையில் பள்ளமும் இருக்கும். அந்த மேட்டின் மேல் ஃபில்லர் கேஜ் 15 காட்டினாலும் உண்மையான இடைவெளி அதைவிடப் பெரிதாக இருக்கும். தேய்த்துச் சரிசெய்யலாம் என்று உப்புத்தாள் போடாதீர்கள். அதன் துகள் முனையில் பதிந்து சீக்கிரம் கருகும்.

3. புதியதைப் பொருத்துவது

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். வண்டி கிளம்பாமல் போவதும் பெரும்பாலும் இங்கேதான், எனவே நிதானமாகச் செய்யுங்கள்.

தூண் போல நிற்கும் சின்ன போல்ட் எர்த். அதன் மேல் முதலில் கீழ் இன்சுலேட்டர் வாஷர், அதற்கு மேல் பிளாட்டினத்தின் ஸ்பிரிங் கண். காயிலிலிருந்து (இக்னிஷன் காயில்) வரும் வயர், கன்டென்சர் வயர் இரண்டின் வளையங்களையும் தொப்பி வடிவ பிளாஸ்டிக் புஷ்ஷின் காலில் கோர்த்து, புஷ்ஷோடு சேர்த்து ஸ்பிரிங் கண்ணுக்குள் இறக்குங்கள். கடைசியாக நட். இரண்டு வளையமும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும், போல்டையோ நட்டையோ தொடவே கூடாது. ஒரு வளையம் புஷ்ஷுக்கு மேலே போய்விட்டால் நட் வழியாக எர்த் ஆகிவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஸ்பார்க் மட்டும் ஒரு துளியும் வராது.

மூடும் முன்பே சோதித்துவிடலாம். பேட்டரியை மாட்டி, பல்பின் ஒரு வயரை காயிலின் சிபி முனையிலும் (டிஸ்ட்ரிபியூட்டருக்கு வயர் போகும் முனை) மற்றதை எர்த்திலும் வையுங்கள். பிளாட்டினத்துக்கு நடுவே காய்ந்த காகிதம் ஒன்றைச் செருகி சாவியைப் போடுங்கள். பல்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் வளையம் இடம் மாறியிருக்கிறது, இல்லையென்றால் கன்டென்சர் ஷார்ட். காகிதத்தை எடுத்து முனைகள் சேர்ந்ததும் பல்பு அணைய வேண்டும். அணையாவிட்டால் முனையில் அழுக்கு. புது செட்டில் துரு பிடிக்காமலிருக்க ஒரு படலம் பூசியிருப்பார்கள், தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். சோதனை முடிந்ததும் சாவியை அணையுங்கள். முனைகள் சேர்ந்திருக்கும்போது சாவி ஆனிலேயே இருந்தால் காயில் சூடேறும்.

4. இடைவெளி

பிளக்குகளைக் கழற்றினால் ஹேண்டில் போட்டு இன்ஜினைச் சுற்றுவது எளிது. கட்டைவிரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள். பிளாட்டினத்தின் குதிகால் (கேமில் உரசும் பகுதி) கேமின் (ஷாஃப்டில் நான்கு மேடுகளோடு சுழலும் பகுதி) உச்சியில் நிற்கும்போது 15 தௌ தகடு லேசான உரசலோடு போய்வர வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும், இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். தகட்டில் எண்ணெய் இருக்கக் கூடாது. நான்கு உச்சியிலும் அளவெடுங்கள். 2 தௌவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கும், அதோடு எந்தப் பிளாட்டினமும் நிலைக்காது.

கேமின் மேல் கிரீஸ் மெலிதாகப் பூசுங்கள். ரோட்டர் உட்காரும் இடத்தின் ஸ்க்ரூவில் இன்ஜின் ஆயில் இரண்டு சொட்டு. அதற்கு மேல் வேண்டாம்.

5. டைமிங்

இடைவெளி மாறினால் டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) மாறும், எனவே இதை எப்போதும் கடைசியில்தான் செய்ய வேண்டும். ரோட்டர் முதல் சிலிண்டர் முனையைப் பார்க்கும்படி சுற்றிக்கொண்டு வந்து, கிராங்க் புல்லியின் வெட்டை டைமிங் கவரில் இருக்கும் குறிக்கு நேராக நிறுத்துங்கள். வண்டியின் கையேடு கிடைத்தால் அதிலுள்ள டிகிரியை வையுங்கள். கிடைக்காவிட்டால் டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) 5 டிகிரி முன்னால் வைத்துத் தொடங்கலாம்.

அதே பல்பை சிபி முனையில் மாட்டி, சாவியைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்பைத் தளர்த்துங்கள். ரோட்டர் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவது. டிஸ்ட்ரிபியூட்டர் உடலை முதலில் அதே இடப்பக்கமாகத் திருப்பினால் பல்பு அணையும். பிறகு வலப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள், பல்பு பளிச்சென எரியும் கணத்தில் நிறுத்தி கிளாம்பை இறுக்குங்கள். பிளக் வயர் வரிசை 1-3-4-2, அதுவும் இடஞ்சுழியாக.

ஓட்டிப் பார்க்க பெரம்பூர் மேம்பாலம் நல்ல இடம். டாப் கியரில் ஏறும்போது டிக்டிக்கென்று தட்டினால் அட்வான்ஸ் அதிகம் (ஸ்பார்க் சீக்கிரம் வருகிறது), உடலை ஒரு மயிரிழை இடப்பக்கம் திருப்புங்கள். தட்டவே இல்லை, ஆனால் வண்டி சோம்பலாக இழுக்கிறது என்றால் வலப்பக்கம்.

500 கிலோமீட்டர் ஓடியதும் இடைவெளியை மறுபடி பாருங்கள். புதுக் குதிகால் படியும்போது தேய்ந்து இடைவெளி குறையும், டைமிங்கும் பின்வாங்கும்.

பிறகு சேர்த்தது: எல்லாம் செய்த பிறகும், ஐடிலில் நன்றாக இருந்து ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் மட்டும் மிஸ்ஸிங் வருகிறது என்று சிலர் கேட்டார்கள். பிளாட்டினம் உட்காரும் தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு இணைக்கும் மெல்லிய எர்த் வயரைப் பாருங்கள். வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை மாற்றும் பாகம்) தட்டை இழுக்கும்போதெல்லாம் அந்த வயரும் மடங்கும், நாளடைவில் உறைக்குள்ளேயே அறுந்துவிடும். வெளியே முழுசாகத் தெரியும், இரண்டு விரலால் மெதுவாக இழுத்தால் ரப்பர் போல நீளும். அங்கே வளையும் தன்மையுள்ள நூலிழை வயரைத்தான் போட வேண்டும், வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பி சீக்கிரமே ஒடிந்துவிடும்.

இன்னொன்று: சூட்டில் நின்றுபோகும் வண்டிக்கு, நின்ற அந்த இடத்திலேயே காயிலிலிருந்து மூடிக்கு வரும் வயரை மூடியிலிருந்து பிடுங்கி, காப்புறை போட்ட இடுக்கியால் பிடித்து, இன்ஜின் இரும்புக்கு 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் இதைச் செய்ய வேண்டாம். தடித்த நீல ஸ்பார்க் தொடர்ந்து வந்தால் பெட்ரோல் லைனைப் பாருங்கள். மஞ்சளாக, விட்டுவிட்டு வந்தால் முதலில் கன்டென்சர், அப்புறம் காயில்.