கால்பந்து புரோகிராம் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டத்துக்குப் போனால், மைதான வாசலிலேயே "புரோகிராம், புரோகிராம்!" என்ற குரல் காதில் விழும். அன்றைய ஒரு ஆட்டத்துக்காகவே அச்சிட்ட இதழ் அது. மேனேஜர் எழுதும் பத்தி, எதிரணியைப் பற்றி நாலு பக்கம், பழைய ஆட்டங்களின் படங்கள், இரண்டு அணிகளின் வீரர் பட்டியல் எல்லாம் இருக்கும். பெரிய கிளப்புகளில் விலை நான்கு பவுண்டை ஒட்டி வந்துவிட்டது. அணி விவரமோ ஆட்டம் தொடங்கும் முன்பே ஃபோனுக்கு வந்துவிடுகிறது. பிரீமியர் லீகுக்குக் கீழே உள்ள மூன்று டிவிஷன்களில், புரோகிராம் கட்டாயம் என்ற விதியை 2018-இல் கிளப்புகளே வாக்களித்து நீக்கிவிட்டன. பிறகு எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்பவர்களிடம், வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இந்தத் தவறுகளை மட்டும் செய்யாதீர்கள்.

முதலாவது, பின்னால் விலை ஏறும் என்று நம்பி வாங்குவது. 1882 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தின் புரோகிராம் 2013-இல் 35,250 பவுண்டுக்கு ஏலம் போனது. அந்த மாதிரிச் செய்திதான் பலருக்கு ஆசை காட்டுகிறது. ஓல்ட் எடோனியன்ஸும் பிளாக்பர்ன் ரோவர்ஸும் ஆடிய அன்று, அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் தூக்கிப் போட்டதால்தான் மிஞ்சியதற்கு அந்த விலை. 1970-களுக்குப் பிந்தியவற்றின் கதை வேறு. ஆயிரக்கணக்கில் அச்சிட்டார்கள், வாங்கியவர்களும் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்தார்கள். அந்தப் பெட்டிகளை இப்போது விற்கப் போனால் பெரும்பாலும் போட்ட காசுகூடத் திரும்பாது.

புகழ்பெற்ற ஆட்டம் என்றால் அதன் புரோகிராமும் அரிது என்று நினைப்பது அடுத்த தவறு. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் மான்செஸ்டர் யுனைடெட் அணி வந்த விமானம் விபத்துக்குள்ளானது. 8-ஆம் தேதி வுல்வ்ஸ் அணியுடன் நடக்க வேண்டிய ஆட்டம் தள்ளிப்போனது. அதற்காக அச்சாகியிருந்த புரோகிராம்கள் அழிக்கப்பட்டன. தப்பியவை மிகச் சில. நடக்காத ஆட்டத்தின் அந்த இதழுக்கு இன்று ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்கிறார்கள்.

விபத்து நடந்து பதின்மூன்றாம் நாள் யுனைடெட் மறுபடி களமிறங்கியது, ஷெஃபீல்ட் வெட்னஸ்டே என்ற அணிக்கு எதிராக. அன்றைய புரோகிராமின் அணிப் பக்கத்தைப் பாருங்கள். வெட்னஸ்டே பக்கம் பதினொரு பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. யுனைடெட் பக்கம் ஒரு பெயர்கூட இல்லை, வெறும் இடம். அச்சுக்குப் போகும்போது யார் ஆடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஸ்டான் க்ரௌதர் என்ற வீரரை ஆட்டம் தொடங்கச் சற்று முன்புதான் ஒப்பந்தம் செய்தார்கள். அன்று வந்தவர்கள் அந்த வெற்றிடத்தில் தங்கள் கையாலேயே பெயர்களை எழுதிக்கொண்டார்கள். சுமார் 60,000 பேர் வந்த ஆட்டம் என்பதால் இந்த இதழ் அவ்வளவு அரிதில்லை. வுல்வ்ஸ் ஆட்டத்தின் இதழோடு ஒப்பிட்டால் விலையும் மிகக் குறைவு. ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

புரோகிராமில் கையால் எழுதியிருந்தால் மதிப்புக் குறையும் என்பது சேகரிப்பாளர்கள் சொல்லும் விதி. விற்க நினைத்தால் அது சரி. உங்களுக்காக வைத்துக்கொள்வதென்றால் தயங்காமல் ஸ்கோரையும் கோல் போட்டவர் பெயரையும் எழுதுங்கள். பழைய பிரதி வாங்கும்போது டோக்கன் வெட்டப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல கிளப்புகள் புரோகிராமில் டோக்கன் அச்சிட்டு, சேர்த்துக் கொண்டுவருபவர்களுக்குக் கோப்பை ஆட்டங்களின் டிக்கெட்டில் முன்னுரிமை கொடுத்தன. அதனால் மூலையில் கத்தரித்த பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன.

1966 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் புரோகிராம் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அதற்கு மறுபதிப்புகள் ஏராளம். நானும் படத்தை மட்டும் பார்த்து இணையத்தில் ஒன்று வாங்கினேன். கையில் வந்ததும் பிரித்துப் பார்த்தேன். காகிதம் புத்தம் புதிதாக இருந்தது, ஸ்டேப்பிள் பின் பளபளத்தது. அசல்தானா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கேட்கவில்லை.

அப்புறம் பாதுகாப்பு. மலிவான பிவிசி உறைகளில் போட்டால் சில வருடங்களில் அட்டையின் மை உறையில் ஒட்டிக்கொள்ளும். பாலிபுரோப்பிலீன் உறை வாங்குங்கள். ஈரமான அறையில் ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள்.

பெரிய கிளப்பில் வாங்கிவிட்டுச் சின்ன கிளப்பில் வாங்காமல் வருவதைத்தான் பெரிய தவறு என்பேன். கீழ்நிலை லீக்குகளில் இதைத் தயாரிப்பது பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஒரு தன்னார்வலர். இரவு உட்கார்ந்து புள்ளிவிவரம் திரட்டி, உள்ளூர்க் கடைகளிடம் விளம்பரம் கேட்டு, சில நூறு பிரதிகள் அச்சிடுவார். அந்த அணியின் வலதுபுறத் தடுப்பாட்டக்காரர் எந்தப் பள்ளியில் படித்தார் என்பது வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. உள்ளே நுழையும்போதே வாங்கிவிடுங்கள். ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது புரோகிராம் விற்ற மேசையை மடக்கி எடுத்துப் போயிருப்பார்கள்.