ஆட்ஆனைத் தளத்திடம் ஒப்படைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டுக்கு ஆட்ஆன் (விளையாட்டின் திரையையும் வசதிகளையும் மாற்றும் துணைநிரல்) எழுதத் தொடங்கும் இளைஞர்கள் பலர் தங்கள் நிரலை என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். நிரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. எனக்குக் கவலை தருவது, அதை அவர்கள் வெளியிடும் முறைதான். என் தலைமுறையினர் தொடக்கத்தில் செய்த அதே பிழைகள், அன்று அவற்றுக்குக் கொடுத்த விலை யாருக்கும் நினைவில் இல்லாததால், இன்றும் அப்படியே தொடர்கின்றன. ஆட்ஆனின் விவரங்களை விளையாட்டுக்குச் சொல்லும் டாக் கோப்பில், அது எந்தப் பதிப்புக்கானது என்று காட்டும் இன்டர்ஃபேஸ் எண்ணை மாற்ற மறப்பது, ஃபோல்டரின் பெயரும் டாக் கோப்பின் பெயரும் பொருந்தாமல் போவது போன்றவை முதல் நாளிலேயே கண்ணில் பட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஆண்டுகள் கழித்து வெளிப்படும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

தளத்தையே ஆட்ஆனின் ஒரே இருப்பிடமாக்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இது. ஆட்ஆன்களைப் பகிரும் ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கி, ஜிப் கோப்பை ஏற்றி, அங்குள்ள மொழிபெயர்ப்புக் கருவியில் சொற்றொடர்களைச் சேர்த்து, பிழைப் புகார்களையும் அங்கேயே பெற்றுக்கொண்டு, "எல்லாம் தளத்தில் பத்திரமாக இருக்கிறது" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

அந்த நிம்மதிக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. இந்த விளையாட்டின் ஆட்ஆன்களுக்கு நெடுங்காலம் முதன்மைக் களமாக இருந்த கர்ஸ் நிறுவனத்தை, அமேசானுக்குச் சொந்தமான ட்விட்ச் 2016-இல் வாங்கியது. அதன் விக்கித் தளங்கள் 2018-இன் இறுதியில் ஃபேண்டம் நிறுவனத்துக்குப் போயின. ஆட்ஆன்கள் இருந்த கர்ஸ்ஃபோர்ஜ் 2020-இல் ஓவர்வுல்ஃபின் கைக்கு வந்தது. உரிமையாளர் மாறியபோதெல்லாம் பயனர்கள் ஆட்ஆன்களைப் புதுப்பிக்கும் செயலியும் மாறியது. கர்ஸ் கிளையன்ட் போய் ட்விட்ச் செயலி வந்தது, அதுவும் போய் ஓவர்வுல்ஃபின் செயலி வந்தது. பிறகு 2022-இல், பிற செயலிகள் தங்குதடையின்றிப் பயன்படுத்தி வந்த பழைய ஏபிஐ (நிரல்கள் தளத்துடன் பேசும் வழி) மூடப்பட்டு, அனுமதி பெற்ற சாவி வைத்திருப்போருக்கு மட்டுமே புதிய ஏபிஐ திறந்தது. வேறு செயலிகள் தம் கோப்பை இறக்கித் தரலாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஆசிரியருக்கு அப்போது கிடைத்தது என்பது நல்ல மாற்றமே. ஆனாலும், தாங்கள் வழக்கமாகப் பயன்படுத்திய செயலியில் சில ஆட்ஆன்கள் ஏன் திடீரென்று காணாமல் போயின என்பது பல பயனர்களுக்குப் புரியவே இல்லை.

இந்த மாற்றங்களில் யாருடைய தீய எண்ணத்தையும் நான் காணவில்லை. இலவசமாகக் கோப்புகளை வழங்கும் தளத்துக்குச் சர்வர் செலவு இருக்கிறது. அந்தச் செலவை விளம்பரமோ சந்தாவோ ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டாதபோது தளம் கைமாறும் அல்லது மூடப்படும். பல ஆண்டுகளாக விளையாட்டுகளை மாற்றியமைக்கும் மோட்களும் டெமோக்களும் குவிந்திருந்த ஃபைல்பிளானெட் தளம் 2012-இல் நின்றுபோனதும் இந்தப் பொருளாதாரத்தால்தான்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் இந்தத் தவறின் விலை விளங்கும். அவருடைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதானது. ஆட்ஆன் தளத்தில் இருந்ததால் அவர் பதறவில்லை. ஜிப்பை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஆனால் வெளியீட்டுக்காகக் கட்டப்பட்ட ஜிப் வேறு, மூலநிரல் வேறு. கட்டும்போதே வெளி நூலகங்கள் உள்ளே சேர்க்கப்பட்டுவிடும். மொழிபெயர்ப்புகளுக்கான குறியீடுகள் இருந்த இடத்தில் சொற்கள் நிரப்பப்பட்டுவிடும். சோதனைக்கென்று டீபக் குறிகளுக்கு நடுவே எழுதிய பகுதிகள் செயலிழக்கச் செய்யப்படும். எந்த வரி எப்போது, எந்தக் காரணத்துக்காகச் சேர்க்கப்பட்டது என்ற வரலாறும் அதில் இருக்காது. அரிசியைக் கடைக்கு அனுப்பலாம். விதைநெல்லையும் அதனுடன் அனுப்பிவிட்டால் அடுத்த பருவத்துக்கு விதைக்க எதுவும் மிஞ்சாது.

நிரலைச் சீராக்கும்போது, தேவையற்றது என்று தோன்றிய ஒரு வரியை அவர் நீக்கினார். ஜெர்மன் மொழிப் பதிப்பில் ஆயிரங்களைப் பிரிக்கக் காற்புள்ளிக்குப் பதிலாகப் புள்ளி வருவதால், சுட்டியை வைத்தால் தோன்றும் டூல்டிப் பெட்டியில் உள்ள எண்ணைச் சரியாகப் படிப்பதற்காக அவரே முன்பு சேர்த்த வரி அது. ஜெர்மன் பயனர்கள் எல்லோருக்கும் கணக்குத் தவறியது. அந்த வரிக்கான விளக்கம் தளத்தின் பழைய புகார்ப் பட்டியலில் இருந்திருக்கும். தளம் புதிய அமைப்புக்கு மாறியபோது அந்தப் பட்டியல் கூடவே வரவில்லை. நிரலை அவர் மீட்டுவிட்டார். அந்த நிரலை எழுதக் காரணமாக இருந்த அறிவை மீட்க முடியவில்லை.

இதைத் தவிர்ப்பதற்குப் பெரிய உழைப்பு வேண்டியதில்லை. மூலநிரல், மொழிபெயர்ப்புக் கோப்புகள், மாற்றக் குறிப்புகள் அனைத்தையும், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவுசெய்யும் கிட் என்ற கருவியின் களஞ்சியம் ஒன்றில் வைத்திருங்கள். தளத்தின் கருவியில் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்துத் தந்தாலும், அதை அவ்வப்போது ஏற்றுமதி செய்து களஞ்சியத்தில் சேர்த்துவிடுங்கள். பிக்விக்ஸ் என்ற ஆட்ஆனின் குழுவினர் பராமரிக்கும் பேக்கேஜர் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. கர்ஸ்ஃபோர்ஜ், வாவ்இன்டர்ஃபேஸ், வாகோ ஆகிய தளங்களில் உங்கள் ஆட்ஆனுக்குத் தரப்பட்ட எண்களை டாக் கோப்பில் எழுதிவைத்து, கிட் களஞ்சியங்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் டேக் எனும் வெளியீட்டுக் குறி ஒன்றை இட்டால் போதும். அது ஜிப்பைக் கட்டி மூன்று தளங்களுக்கும் அனுப்பி, கிட்ஹப்பிலும் வெளியிட்டுவிடும். கிட்ஹப்பும் 2018 முதல் மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமானதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் கிட் களஞ்சியத்தின் ஒவ்வொரு நகலிலும் முழு வரலாறும் இருக்கிறது. அந்த இடமும் நாளை மாறினால், உங்கள் கணினியில் உள்ள நகலை வேறோர் இடத்துக்குத் தள்ள ஒரு கட்டளை போதும். புகார்களையும் அப்படியே எடுத்துச் செல்ல முடியாது என்பதால், முக்கியமான ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் காரணத்தை, மாற்றத்தைப் பதியும்போது எழுதும் கமிட் குறிப்பிலேயே எழுதிவிடுவது என் வழக்கம்.

உரிமத்தைக் குறிப்பிடாமல் விடுவது

எதையும் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி எல்லா உரிமையும் உங்களுடையதே. நீங்கள் விளையாட்டை விட்டு விலகிய பிறகு விளையாட்டின் புதிய பேட்ச் (திருத்தப் பதிப்பு) ஒன்று உங்கள் ஆட்ஆனை உடைத்தால், அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒருவர் இருந்தும் அவரால் அந்தத் திருத்தத்தை முறைப்படி வெளியிட முடியாது. உங்களுக்குக் கடிதம் எழுதிப் பதிலுக்காகக் காத்திருப்பார், அல்லது எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவார். நல்ல ஆட்ஆன்கள் பல இப்படித்தான் அழிந்தன. எம்ஐடி, ஜிபிஎல் போன்ற உரிமங்களில் உங்களுக்குச் சம்மதமான ஒன்றைத் தேர்ந்து, அதன் உரையை ஜிப்புக்குள்ளேயே வையுங்கள். தளத்தின் பக்கத்தில் மட்டும் எழுதினால் அந்தப் பக்கத்துடன் அதுவும் போய்விடும்.

நீங்கள் சேர்க்கும் பிறருடைய நிரலின் உரிமத்தையும் படித்துவிடுங்கள். மைன்கிராஃப்ட் சர்வர்களை நடத்தியோர் பெருமளவில் நம்பியிருந்த கிராஃப்ட்புக்கிட், இணைக்கப்படும் நிரலையும் திறந்து தரக் கோரும் ஜிபிஎல் உரிமத்தின்கீழ்த் தரப்பட்ட நிரலை விளையாட்டு நிறுவனத்தின் மூடிய நிரலுடன் சேர்த்து வழங்கிவந்தது. பங்களித்தவர்களில் ஒருவர் 2014 செப்டம்பரில் பதிப்புரிமைப் புகார் அளித்தவுடன் அதன் பதிவிறக்கங்கள் நின்றுபோயின.

பணத்தைப் பற்றி முன்கூட்டியே படிக்காமல் இருப்பது

வார்கிராஃப்டை உருவாக்கிய பிளிசார்ட் 2009-இல் வெளியிட்ட ஆட்ஆன் கொள்கையின்படி ஆட்ஆன் இலவசமாக இருக்க வேண்டும், நிரல் மறைக்கப்படக் கூடாது, விளையாட்டுக்குள் விளம்பரமும் நன்கொடைக் கோரிக்கையும் வரக் கூடாது. தளம் தரும் விளம்பரப் பங்கும் வெளியில் பெறும் ஆதரவும் இந்த எல்லைக்கு வெளியே நிற்பவை. அவற்றை நம்பி வேலையை விடாதீர்கள். ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் ஸ்கைரிம் விளையாட்டின் மோட்களை விலைக்கு விற்கும் திட்டம் 2015 ஏப்ரலில் அறிமுகமாகிச் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆசிரியருக்கு அதில் ஒதுக்கப்பட்டிருந்த பங்கு 25 விழுக்காடு.

கடவுச்சொல்லை மட்டும் நம்புவது

2023 ஜூனில் ஃப்ராக்சரைசர் என்ற தீநிரல், கர்ஸ்ஃபோர்ஜிலும் புக்கிட் தளத்திலும் இருந்த சில ஆசிரியர்களின் கணக்குகள் வழியாக மைன்கிராஃப்ட் மோட்களுக்குள் புகுந்தது. பயனர் நம்பியது ஆசிரியரின் பெயரை. அந்தப் பெயரே திருடர்களுக்குக் கதவாயிற்று. வார்கிராஃப்ட் ஆட்ஆன்கள் லுவாவில் எழுதப்பட்டு விளையாட்டின் கட்டுப்பாட்டுக்குள் ஓடுவதால், ஜாவா மோட்களைப் போல அவற்றால் கணினிக் கோப்புகளைத் தொட முடியாது. அதனால் நமக்குக் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. உங்கள் கணக்கைக் கைப்பற்றியவர் ஜிப்புக்குள் எதையும் வைக்கலாம். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். பதிவேற்ற அனுமதி தரும் டோக்கனை (ரகசியச் சாவியை) நிரலுக்குள் எழுதாதீர்கள்.

கோபத்தில் எல்லாவற்றையும் நீக்குவது

செய்யாதீர்கள். நெக்சஸ் மோட்ஸ் என்ற மோட் தளம் 2021-இல் கொள்கையை மாற்றியபின், ஆசிரியர் நீக்கினாலும் கோப்பு காப்பகத்தில் இருக்கும்.

அடுத்த மாற்றம் தளத்திலிருந்தே வரும் என்று எண்ணுவது

இனிவரும் ஆண்டுகளில் தளங்களை விட விளையாட்டு நிறுவனங்களே ஆட்ஆன்களின் போக்கைத் தீர்மானிக்கும் என்பது என் கணிப்பு. வார்கிராஃப்டின் மிட்நைட் விரிவாக்கத்தில், போர் நேரத் தகவல்களை ஆட்ஆன்கள் கணக்கிட்டு முடிவெடுக்க முடியாதபடி கட்டுப்படுத்தப்போவதாக பிளிசார்ட் 2025-இல் அறிவித்தது. அதற்கான பதிப்பை வெளியிடப்போவதில்லை என்று போர் நேர எச்சரிக்கைகளைத் திரையில் காட்டும் வீக்ஆராஸ் ஆட்ஆனின் குழுவினர் சொல்லிவிட்டார்கள். தளங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, அவற்றில் மிகவும் நாடப்பட்ட ஆட்ஆன் ஒன்று புதிய விரிவாக்கத்துக்கு இல்லாமல் போனது.

மற்றொரு பக்கம், பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டின் ஏழாவது பேட்ச் 2024 செப்டம்பரில் கணினிக்கு வந்தபோது, மோட்.ஐஓ என்ற மோட் தளத்தை விளையாட்டுக்குள்ளேயே இணைத்து, பிறகு கன்சோல் பயனர்களுக்கும் மோட்களைத் திறந்துவிட்டது. பயனருக்கு இது பெரிய வசதி. ஆனால் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற வெளிக்கருவியைச் சார்ந்த மோட்களுக்கு அங்கே இடமில்லை. அவற்றைத் தேடுவோர் இன்றும் நெக்சஸுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இத்தகைய உள்தளம் உங்கள் விளையாட்டுக்கும் வரக்கூடும் என்பதால், எந்த அம்சம் விளையாட்டு நிறுவனம் வெளிப்படையாகத் தரும் வசதிகளில் நிற்கிறது, எது வெளிக்கருவியையோ ஆவணப்படுத்தப்படாத செயற்கூறையோ நம்பியிருக்கிறது என்று இப்போதே பிரித்து, இரண்டாம் வகையைத் தனித் தொகுதியாக எழுதிவையுங்கள். முதல் தொகுதியை எந்தத் தளத்திலும் வெளியிடலாம். இரண்டாவதைப் பொது வெளித்தளத்தில் மட்டும் வையுங்கள்.