கான் பெயர் இல்லாத செம்புக்காசு: தங்க நாடோடிக் கூட்டத்தின் ‘புல்’லை அடையாளம் காண்பது எப்படி?

தங்க நாடோடிக் கூட்டம் (Golden Horde) என்பது வோல்கா ஆற்றங்கரையை ஆண்ட மங்கோலிய அரசு; கான் என்பது அதன் அரசரின் பட்டம். அங்கே 14-ஆம் நூற்றாண்டில் புழங்கிய செம்புக்காசுக்குப் ‘புல்’ என்று பெயர் (மாடு மேய்வதல்ல). வெள்ளிக்காசில் கானின் பெயர் இருக்கும். செம்பில் பெரும்பாலும் இராது. படம், ஊர், ஆண்டு மூன்றையும் வைத்துத்தான் இனம் பிரிக்க வேண்டும்.

1. முதலில் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்து, எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வகைக் காசுகளே எடையில் கணிசமாக மாறும். எடையை மட்டும் நம்பி வகை சொல்லாதீர்கள்.

2. புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். எழுத்து பல நேரம் களிம்பின் மேல்தான் நிற்கிறது. அமிலம் பட்டால் களிம்போடு எழுத்தும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரைத் தினமும் மாற்றி, இளகிய மண்ணைப் பல்குச்சியால் தள்ளுங்கள். துடைக்கத் துடைக்க வெளிர்பச்சைப் பொடி வந்துகொண்டே இருந்தால் அது குளோரைடு அரிப்பு. ஈரத்தில்தான் அது வளரும். அந்தக் காசை நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் தனிப் பெட்டியில் வையுங்கள்.

3. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் படத்தைத் தேடுங்கள். சிங்கத்தின் முதுகுக்கு மேல் சூரியன் என்றால், அந்த அரசின் தலைநகரான சராயின் ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டுக்கணக்கு) 737 வகை. இதழ் விரிந்த பூவோ இருதலைக் கழுகோ என்றால் ‘சராய் அல்-ஜதீத்’, அதாவது புதிய சராய்.

4. ஆண்டு. தொடக்கநிலையில் எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். அரபு எழுத்து வலமிருந்து இடம் போகும். எண்ணை நாம் படிப்பதுபோல் இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும். அரபு எண்களில் 7 மேல்நோக்கி விரிந்த கவட்டை. அதையே கவிழ்த்தால் 8. காசைத் தலைகீழாகப் பிடித்தால் நூறாண்டு தள்ளிப் போய்விடுவீர்கள். ஆகவே ஊர்ப்பெயரை நேராக நிறுத்திவிட்டுத்தான் எண்ணுக்கு வர வேண்டும். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருந்தால் உடனே போலி என்று ஒதுக்காதீர்கள். காசு அடிக்கும் அச்சில் எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும். அதை மறந்து நேராக வெட்டினால் காசில் இப்படித்தான் விழும்.

5. ஹிஜ்ரி ஆண்டை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டுங்கள். 737 என்றால் ஏறக்குறைய 1337. உஸ்பெக் கானின் ஆட்சி. பூ வகையில் வரும் 752 என்றால் 1351. ஜானிபெக் கானின் ஆட்சி. ஆனால் பார்த்து அடித்த நகல்களும் பழைய ஆண்டையே சுமக்கும். எனவே குறிப்பட்டையில் ‘உஸ்பெக் கான் வெளியீடு’ என்று எழுதாமல், ‘பெயரற்றது, சராய், ஹி. 737, சிங்கம்–சூரியன்’ என்று எழுதி, எடையைச் சேர்த்துவிடுங்கள்.