குழந்தையின் தோலைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பும்போது செய்யும் தவறுகள்

ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம், பாம்பன், தொண்டி என்று எங்கிருந்தாலும் இப்போது தோல் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் படம் போய்விடுகிறது. அந்தப் படம் டாக்டரை ஏமாற்ற முதல் காரணம், எடுப்பதற்கு முன்பே பூசிவிட்ட மருந்து.

படர்தாமரை என்றால் ஓரம் மேடாகிச் செதில் கட்டி, நடு தெளிந்து, வளையமாகத் தெரியும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை நாலு நாள் தடவினால் அரிப்பு அடங்கும், வளையமும் கலையும். படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சை மட்டும் பரவிக்கொண்டே இருக்கும். படத்தில் அது கரப்பான் போலத் தெரியும். ஏற்கெனவே தடவியிருந்தால் மறைக்காமல், மருந்தின் பெயர் படிக்கும்படி டியூபையும் ஒரு படம் எடுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மஞ்சளும் வேப்பிலை விழுதும் நிறத்தையே மூடிவிடும்.

நீலத் தார்ப்பாய் நிழலில் எடுத்தால் தோலிலும் நீலம் ஏறும். ஃபிளாஷ் போட்டால் வியர்த்த தோல் பளபளக்கும். பகலில் திண்ணை நிழல் போதும். கடற்காற்றில் லென்ஸில் உப்புப் படிந்திருக்கும், துடைத்துவிட்டு எடுங்கள். இதை யாரும் கவனிப்பதில்லை.

போனைத் தோலோடு ஒட்டிப் பிடித்தால் ஃபோகஸ் விழாது. ஒரு சாண் தள்ளிப் பிடித்து, 2 மடங்கு ஜூம் வைத்து, திரையில் தடிப்பின் மேல் தொட்டுவிட்டு எடுங்கள். கை முழுதும் தெரிய ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கிட்டத்தில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. தடிப்பு மேடா, தட்டையா என்பது மூன்றாவதில்தான் தெரியும். அழகாக்கும் ஃபில்டரை அணைத்துவிட்டு, படத்தின் தெளிவு குறையாதபடி வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

வயிற்றை மட்டும் எடுத்து அனுப்பினால் சிரங்கும் வேர்க்குருவாகத் தெரியலாம். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், கைக்குழந்தைக்கு உள்ளங்கை உள்ளங்காலும் வேண்டும். ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று எழுதுங்கள். மாநிறத் தோலில் சிவப்பு எடுபடாது. தொட்டால் சூடாக இருக்கிறதா, வலிக்கிறதா என்பது நீங்கள் எழுதினால்தான் டாக்டருக்குத் தெரியும்.

பிறப்புறுப்பைப் படமெடுக்கவே வேண்டாம், நேரில் போங்கள். உணர்ச்சியில்லாத வெளுத்த தேமலுக்கும் அதேதான். தொழுநோயா என்று டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டும். 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி ஆலோசனையின்போது குழந்தையுடன் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அப்பா கடலுக்குப் போயிருந்தால் கரையில் இருப்பவர் பேசட்டும்.

காய்ச்சலோடு வந்த புள்ளிகள் மேல் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பாருங்கள். மறையவில்லை என்றாலோ, உதடு வீங்கி மூச்சு திணறினாலோ, படமெடுத்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.