வன்னியிலிருந்து பெட்டி கட்டும் முறை

விடுமுறைக்கு வன்னிக்கு வந்து திரும்பும் உறவுகளின் பெட்டியில் உடுப்பை விட உணவே கூடுதலாக இருக்கும். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா குடும்பமும் பாரிசில் இருக்கும் சித்தப்பாவும் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டும் பொறுப்பு கிளிநொச்சியில் இருக்கும் என் தலையில்தான் விழுகிறது. அதில் எனக்குப் பிடிபட்ட கணக்கு ஒன்றுதான்: ஒரு பொருளில் எவ்வளவு ஈரம் இருக்கிறதோ, வழியில் அது அவ்வளவு தொல்லை தரும். ஈரமுள்ளது பழுதாகும், ஒழுகும், பாதுகாப்புச் சோதனையில் திரவம் என்று மறிக்கப்படும். ஆகவே பெட்டி கட்டும் வேலை பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்னரே, முற்றத்தில் பாய் விரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் கருவாடு. முல்லைத்தீவில் வாங்கும் கட்டாக் கருவாடும் அறக்குளாக் கருவாடும் கடையில் காய்ந்தவைபோலத் தெரிந்தாலும், நடுமுள்ளின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தால் சதை மெத்தென்று அமுங்கும். அப்படி அமுங்குமானால் தலையை நீக்கி, தடித்த இடத்தைக் கீறி, இன்னும் இரண்டு நாள் வெயிலில் போட வேண்டும். ஆடி, ஆவணியில் வருபவர்களுக்கு இதில் சிரமமில்லை. மார்கழி மழையில் வருபவர்கள் தடித்த மீனை விட்டு நெத்தலியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காய்ந்ததை நேரே பொலித்தீனில் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். முதலில் செய்தித்தாளில் இரண்டு சுற்று, அதன்மேல் காற்றை அமுக்கி வெளியேற்றி வாய் கட்டிய இரண்டு பொலித்தீன் பைகள், கடைசியில் இறுக்கமான மூடியுள்ள ஒரு ரின், மூடியின் விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா என்ற வரிசையில் கட்டினால், பக்கத்துச் சேலையில்கூட மணம் ஏறாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் பிரித்தானியாவுக்கும் சொந்தப் பாவனைக்காக 20 கிலோ வரை மீன் கொண்டுபோகலாம் என்பதால், சட்டத்தை விட உங்கள் பெட்டியின் நிறைதான் முதலில் தடுக்கும்.

மிளகாய்த்தூள், ஒடியல்மா, புழுக்கொடியல், பயற்றம் பணியாரம், முறுக்கு ஆகியவை சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளைகள். தூளை வறுத்து இடித்ததும் சூட்டோடு பையில் போடாமல், தாளில் பரப்பி முற்றாக ஆறவிட வேண்டும். எந்தத் தூளையும் கைப்பையில் வைக்காதீர்கள். சோதனையில் பையைத் திறந்து கிளறும்போது பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் தும்முவார்கள். பச்சைக் கறிவேப்பிலையைக் கட்டாக வைப்பதை விட, தூளுக்கு வறுக்கும்போதே தாராளமாகச் சேர்த்து இடித்துவிடுவது புத்தி.

தேன்தான் அதிகம் படுத்துவது. மூன்று வருடங்களுக்கு முன் நான் கட்டிய பெட்டியில் ஒரு சாராயப் போத்தல் நிறையக் காட்டுத்தேன் இருந்தது. ரொறன்ரோவில் அக்கா பெட்டியைத் திறந்தபோது, மாமி கொடுத்த கூறைச்சேலை தேனில் ஊறிக் கிடந்ததாம். பிழை முழுக்க என்னுடையது. நம் பக்கத்துக் காட்டுத்தேனில் நீர்த்தன்மை கூடுதலாக இருந்தால் அது மெல்லப் புளித்து வாயுவை உண்டாக்கும். அதோடு பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் உள்ளதை விடக் குறைவு என்பதால், போத்தலுக்குள் இருக்கும் காற்று விரிந்து, சரிந்து கிடக்கும் தேனை மூடி வழியே வெளியே தள்ளும். இப்போது நான் கண்ணாடியைத் தொடுவதில்லை. திருகுமூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் முக்கால்வாசி ஊற்றி, பக்கங்களை இலேசாக நசுக்கியபடி மூடியைத் திருகுவேன். காற்று விரியும்போது போத்தல் நிமிர்ந்துகொள்ளும், தேன் வெளியே வராது. மூடிக்கு அடியில் ஒரு துண்டுப் பொலித்தீன், வெளியே இரண்டு பைகள், சுற்றிவரப் பழைய துவாய். ஊற்றுவதற்கு முன் போத்தலின் உட்புறத்தில் ஒரு துளி நீரும் இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பிரித்தானியாவுக்கும் தேனின் அளவு ஆளுக்கு 2 கிலோ. கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட எந்தத் திரவப் போத்தலும் செல்லாது. தேன், ஊறுகாய், சம்பல் எல்லாம் அந்தக் கணக்கில் திரவமே.

சிலவற்றை இங்கேயே தின்று தீர்த்துவிட்டுப் போக வேண்டும். எருமைத் தயிரும் நெய்யும் பாற்பொருட்கள் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் பயணிகளிடமிருந்து அவற்றை ஏற்பதில்லை. எந்த இறைச்சியும் அப்படித்தான். மான், மரை வற்றல் தருகிறேன் என்று யாராவது அன்போடு வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள், அது இலங்கைச் சட்டப்படியே குற்றம். பழங்களில், ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சான்றிதழ் இல்லாமல் செல்லக்கூடியவை அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்து மட்டுமே. பாலைப்பழத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இருந்தாலும் அது கட்டுநாயக்கா விமான நிலையம் வரை தாங்காது.

கள்ளைப் போத்தலில் அடைப்பது வெடியை அடைப்பது போல. பனஞ்சாராயம் வேண்டுமென்றால், கடையில் முத்திரையோடு விற்பதையே வாங்குங்கள்: 24 வீதத்துக்கு மேல் 70 வீதம் வரையான மதுவை ஆளுக்கு மொத்தம் 5 லீற்றர் வரை பெட்டியில் போடலாம், 70 வீதத்துக்கு மேற்பட்டது விமானத்திலேயே ஏறாது. வரியில்லாமல் எவ்வளவு என்பது வேறு கணக்கு. கடும் மதுவில் கனடாவுக்கு 1.14 லீற்றர், பிரான்சுக்கு 1 லீற்றர். விமான நிலையத்துத் தீர்வையற்ற கடையில் வாங்கினால், அவர்கள் ஒட்டித் தரும் பையைப் பற்றுச்சீட்டோடு வீடு சேரும்வரை பிரிக்கக் கூடாது. ரொறன்ரோவில் இறங்கி இன்னொரு விமானம் பிடிப்பவர்கள், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கும் இடத்தில் அந்தப் போத்தலைப் பெட்டிக்குள் மாற்றிவிட வேண்டும்.

இறங்கும் இடத்தில் உணவு இருக்கிறதா என்று கேட்டால், ஆம் என்று சொல்லுங்கள். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் சொல்லிக் காட்டிய பொருள் அனுமதியில்லாதது என்றால் பெரும்பாலும் அது மட்டுமே பறிபோகும்; மறைத்துப் பிடிபட்டால் தண்டப்பணமும் சேரும். இதற்காகவே ஒவ்வொரு பொதியின் மேலும் பொருளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுவேன். புழுக்கொடியலைக் கையில் வைத்துக்கொண்டு அது என்ன மரக்கட்டை என்று விழிக்கும் அதிகாரிக்கு, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு என்ற ஒரு வரி பெரிய உதவி.

நிறையை வீட்டிலேயே நெல் நிறுக்கும் தராசில் பார்த்து, இரண்டு கிலோவை மிச்சம் விடுங்கள். மிச்சம் விடச் சொல்வதற்குக் காரணம் முறிகண்டி. அங்கே பிள்ளையாரைக் கும்பிட வான் நிற்கும், எல்லோரும் வறுத்த கச்சான் வாங்குவார்கள். ஒரு பையை வாங்கியதும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கைக்கு இன்னொன்று வாங்குங்கள். மடியில் இருக்கும் பை புத்தளம் வரையும் வராது.